கடன் தீர்த்த இளவரசன்

(ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகம் பற்றிய கட்டுரை)

ஷேக்ஸ்பியர் இயற்றிய வரலாற்று நாடகங்கள் பத்து. அவற்றுள் அறிஞரும் பாமரரும் ஒருங்கே விரும்பும் நாடகம் 'நான்காம் ஹென்றி'. இஃது இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி ஏறத்தாழ 1596-97-ஆம் ஆண்டுகளில் எழுதப்பெற்று, 1598-இல் அச்சாயிற்று. இரண்டாம் பகுதி 1600-இல் அச்சாயிற்று. முடிசூடிய மன்னன் ஒருவன், அவனை எதிர்த்துக் கிளம்பும் கலகக்காரர்கள், பொறுப்பின்றித் திரியும் பட்டத்து இளவரசன் ஆகியோரின் கதைகள் இதில் மாறி மாறி வருகின்றன. அரண்மனையில் ஒரு காட்சி, மதுக்கடையில் ஒரு காட்சி, கலகக்காரர் இல்லத்தில் ஒரு காட்சி என்று செல்வதால், 'இவற்றுக்குள் என்ன தொடர்பு?' என்ற ஐயம் முதன்முறை படிக்கும் மாணவிக்கு எழுவது இயல்பே.

தமிழில் 'கடன்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டியதும் கடன். ஒருவர் செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். இந்த ஒரு சொல்லைத் துணையாகக் கொண்டு நாடகத்திற்குள் புகுந்தால், மூன்று கதைகளும் ஒன்றாய் இணைவதைக் காணலாம். அவ்வாறே காண முயல்வோம்.

கடனில் பிறந்த அரசு

நாடகம் தொடங்குமுன் நிகழ்ந்ததை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் ரிச்சர்டு மன்னன் தன் உறவினனான ஹென்றி போலிங்புரோக்கை நாடு கடத்தினான். பின்னர் அவனுடைய தந்தை இறந்ததும் குடும்பச் சொத்துக்களையும் பறித்துக்கொண்டான். 1399-ஆம் ஆண்டில் போலிங்புரோக் திரும்பி வந்தான். தனக்குரிய சொத்தை மீட்பதன்றி வேறு நோக்கம் இல்லை என்று டான்காஸ்டர் என்னும் ஊரில் அவன் ஆணையிட்டதாக நாடகம் கூறுகிறது. வட நாட்டுப் பெர்ஸி குடும்பத்தார் அவனுக்குத் தோள் கொடுத்தனர். அவனோ சொத்தோடு நின்றுவிடவில்லை. ரிச்சர்டைச் சிறையிலிட்டு, நான்காம் ஹென்றி என்ற பெயரில் தானே முடிசூடிக்கொண்டான். ரிச்சர்டு சிறையிலேயே மாண்டான்.

ஆகவே, இந்த மன்னன் இருவருக்குக் கடன்பட்டவன். அரியணையை இழந்து இறந்தவனுக்கு ஒரு கடன். அரியணையைப் பெற்றுத் தந்தவர்களுக்கு மற்றொரு கடன். முதற் கடனைத் தீர்க்க எருசலேமுக்குச் சிலுவைப்போர் செல்ல வேண்டுமென்று விரும்புகிறான். ஆனால், உள்நாட்டுக் குழப்பம் அவனை நகரவிடவில்லை. இரண்டாம் கடனோ கலகமாக வெடிக்கிறது.

பெர்ஸி குடும்பத்து வீரமகன் ஹாட்ஸ்பர் 1402-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துப் படையை முறியடித்துப் பல பிரபுக்களைச் சிறைபிடித்தான். அக்கைதிகளைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு மன்னன் கேட்கிறான். வேல்ஸ் தலைவன் கிளெண்டவரிடம் சிறைப்பட்டிருக்கும் தன் மைத்துனன் மார்ட்டிமரை மன்னன் பணம் கொடுத்து மீட்டால் கைதிகளைத் தருவதாக ஹாட்ஸ்பர் சொல்கிறான். மன்னன் மறுக்கிறான். காரணம் வெளிப்படை: ரிச்சர்டுக்குப் பின் முடியுரிமை உடையவன் இந்த மார்ட்டிமரே என்று நாடகம் சொல்கிறது. ஹாட்ஸ்பரின் சிற்றப்பன் வூஸ்டர் பிரபு அப்போது கூர்மையான ஓர் உண்மையைக் கூறுகிறான். மன்னன் நம்மைக் காணும்போதெல்லாம் தான் பட்ட கடனையே நினைப்பான்; நமக்கு மனநிறைவு இல்லை என்றும் எண்ணிக்கொள்வான்; ஆதலால் ஒருநாள் நம்மை ஒழித்தே அக்கடனைத் தீர்ப்பான் என்பது அவன் கருத்து. உதவி செய்தவரைக் கண்டு உதவி பெற்றவனே அஞ்சும் நிலை எவ்வளவு இரங்கத்தக்கது!

அடுத்த வீட்டுப் பிள்ளை

மன்னனுக்கு வெளியே உள்ள பகைவர்களைவிட வீட்டுக்குள்ளேதான் பெருங்கவலை. பட்டத்து இளவரசனான ஹால் அரசவைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. லண்டன் ஈஸ்ட்சீப் தெருவில் உள்ள மதுக்கடையில் கள்வரோடும் குடியரோடும் பொழுதைக் கழிக்கிறான். முதற் காட்சியிலேயே, ஹாட்ஸ்பரின் வெற்றிச் செய்தி கேட்ட மன்னன் மனம் வெதும்புகிறான். தொட்டிலில் கிடந்த காலத்தில் ஏதோ ஒரு தேவதை இவ்விரு குழந்தைகளையும் மாற்றி வைத்திருந்தால் நன்றாயிருக்குமே, அவன் என் மகனாகவும் இவன் அவர்கள் மகனாகவும் ஆகியிருப்பார்களே என்று ஏங்குகிறான்.

பெற்றோர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திப்பது நலம். 'அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்' என்ற சொல்லை அறியாத இல்லம் எது? மன்னன் பொறாமை கொள்ளும் அந்த அடுத்த வீட்டுப் பிள்ளைதான், சில திங்களுக்குள் அவனுடைய முடியையே பறிக்கப் படை திரட்டுகிறான். கைவிடப்பட்டவனாய்க் கருதப்பட்ட சொந்தப் பிள்ளைதான் அவனுடைய உயிரைக் காக்கிறான். ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு உண்மை தெரிவதில்லை என்பதை ஷேக்ஸ்பியர் எந்த உபதேசமும் செய்யாமலே உணர்த்திவிடுகிறார்.

மதுக்கடைக் கணக்கு

மதுக்கடையின் அரசன் சர் ஜான் ஃபால்ஸ்டாஃப். பருத்த உடல், நரைத்த தலை, வற்றாத நகைச்சுவை. பொய் சொல்வதில் அவனுக்கு இணை அவனே. நண்பர்களோடு சேர்ந்து கேட்ஸ்ஹில் என்னுமிடத்தில் வழிப்போக்கரிடம் கொள்ளையடிக்கிறான். இளவரசனும் பாயின்ஸ் என்ற தோழனும் மாறுவேடத்தில் வந்து அந்தப் பணத்தைப் பறிக்க, ஃபால்ஸ்டாஃப் அலறியடித்து ஓடுகிறான். பிறகு மதுக்கடையில் அவன் அளக்கும் கதையைக் கேட்க வேண்டும்! தன்னை எதிர்த்தோர் முதலில் இருவர். பேச்சு வளர வளர அவர்கள் நால்வர், எழுவர், ஒன்பதின்மர், பதினொருவர் ஆகிவிடுகின்றனர். உண்மை வெளிப்பட்டபோதும் அவன் நாணவில்லை. வந்தவன் இளவரசன் என்று தெரிந்தே, பட்டத்துக்குரியவனைக் கொல்லக்கூடாதென்று ஓடினானாம்!

இவனோடு சேர்ந்து நாமும் சிரிக்கிறோம். ஆனால், ஆசிரியர் சிரிப்புக்கு நடுவே ஒரு கணக்கையும் காட்டுகிறார். உறங்கும் ஃபால்ஸ்டாஃபின் சட்டைப் பையில் ஒரு கணக்குச் சீட்டு அகப்படுகிறது. இரண்டு காலன் மதுவுக்கு ஐந்து ஷில்லிங் எட்டுப் பென்ஸ். ரொட்டிக்கு வெறும் அரைப் பென்னி! மதுக்கடைக்காரிக்கு அவன் தரவேண்டிய பாக்கி இருபத்து நான்கு பவுன். அவனுக்காக அவள் வாங்கித் தந்த ஒரு டஜன் சட்டைகளுக்கும் பணம் வரவில்லை. இளவரசனோ தன் பங்கைத் தவறாமல் கொடுத்து வந்தவன் என்று ஃபால்ஸ்டாஃபே ஒப்புக்கொள்கிறான். கொள்ளைப் பணத்தையும் இளவரசன் உரியவர்களிடம் திருப்பித் தந்துவிடுகிறான். திருப்பிக் கொடுப்பது தனக்குப் பிடிக்காத வேலை என்று ஃபால்ஸ்டாஃப் முணுமுணுக்கிறான். ஒரே மேசையில் அமர்ந்து சிரிக்கும் இருவருக்குள்ளும் உள்ள வேற்றுமை இதுவே.

மேகம் மறைத்த கதிரவன்

இளவரசனின் உள்ளக்கிடக்கையை நாடகத்தின் தொடக்கத்திலேயே அவன் தனிமொழி காட்டிவிடுகிறது. கதிரவன் தன்னை மேகங்கள் மறைக்க இடங்கொடுத்து, பின்பு அவற்றைக் கிழித்துக்கொண்டு வெளிவந்தால் உலகம் வியக்கும் அல்லவா? அதுபோலத் தானும் இப்போது இழிந்தவனாய்த் தோன்றி, ஒருநாள் எவரும் எதிர்பாராவண்ணம் திருந்தி, தான் வாக்களிக்காத கடனையும் தீர்க்கப் போவதாக அவன் கூறுகிறான்.

இத்திட்டம் நேர்மையானதா? கற்றோர் இதுபற்றி நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். நண்பர்களை ஒருநாள் உதறிவிடுவதென்று முடிவு செய்துகொண்டே அவர்களோடு களிப்பது நட்பாகுமா? வேறொரு குறையும் உண்டு. திருந்துவதற்குக்கூட அவன் பிறர் வியப்பையே கருதுகிறான். 'பிறகு பார்த்துக்கொள்வோம்' என்று நாளைக் கடத்துகிறான். தேர்வுக்கு முதல் நாள் படித்துக்கொள்ளலாம் என்றிருக்கும் மாணவியைப் போன்றதே அவன் நிலை. திருந்தும் நாளைத் தானே குறிப்பதாக அவன் எண்ணினான். அந்த நாளைக் குறித்ததோ கலகம்.

தந்தையும் மகனும்

போர்ச் செய்தி எட்டியதும் மன்னன் மகனைத் தனியே அழைக்கிறான். மூன்றாம் அங்கத்தின் இக்காட்சியே நாடகத்தின் நெஞ்சம் எனலாம். நாளெல்லாம் மக்கள் கண்ணில் பட்டு மலிந்துபோன ரிச்சர்டு மன்னனைப் போல் நீ ஆகிவிட்டாய் என்கிறான் தந்தை. அரிதாகவே வெளியில் தோன்றி வால்மீனைப் போல மக்களை வியக்க வைத்த தன் சாதுரியத்தையும் சொல்கிறான். ஹாட்ஸ்பரை வாயாரப் புகழ்கிறான். இறுதியில், கூலி பெற்றுக்கொண்டு அந்த ஹாட்ஸ்பரின் பக்கம் நின்று தன்னையே எதிர்க்கவும் மகன் கூசமாட்டான் என்று சொல்லிவிடுகிறான்.

இந்தச் சொல் இளவரசனைச் சுடுகிறது. அவன் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. ஹாட்ஸ்பர் சேர்த்த புகழனைத்தும் தனக்காக ஒரு முகவர் சேர்த்து வைத்த சரக்கு; ஒருநாள் அவனிடம் முழுக்கணக்கும் கேட்டுப் பெறுவேன்; தவறினால் உயிரைக் கொடுத்து எல்லாப் பற்றுகளையும் தீர்ப்பேன் என்று கடவுள்மேல் ஆணையிடுகிறான். ஒரு வணிகன் பேசுவது போலவே இருக்கிறது. ஆனால், இம்முறை அவன் உலகத்தின் வியப்பை நோக்கிப் பேசவில்லை. தந்தையின் முகத்தை நோக்கிப் பேசுகிறான்.

ஊதாரி மைந்தன் உவமை நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஷேக்ஸ்பியரும் அதனை மறக்கவில்லை. ஃபால்ஸ்டாஃபின் வாயாலேயே அவ்வுவமையைக் குறிப்பிடுகிறார். ஆயினும், ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும. நற்செய்தியில் வரும் தந்தை, மகன் தொலைவில் வரும்போதே ஓடிச்சென்று கட்டித் தழுவுகிறார். இந்தத் தந்தையோ முதலில் குற்றப்பட்டியலை வாசிக்கிறான். மகன் ஆணையிட்ட பிறகே நம்பிக்கை கொள்கிறான். தானே ஆணையை மீறி அரசனானவனுக்குப் பிறர் வாக்கை நம்புவது அரிதுதானே!

சீமாட்டி பெர்ஸி

இந்நாடகத்தில் பெண் பாத்திரங்கள் மிகச் சிலவே. எனினும், ஹாட்ஸ்பரின் மனைவி சீமாட்டி பெர்ஸியை நாம் மறக்க இயலாது. கணவன் உறக்கத்தில் போரைப் பற்றிப் பிதற்றுவதையும், நெற்றியில் வியர்வை முத்துக்கள் அரும்புவதையும் கண்டு அவள் கலங்குகிறாள். காரணம் கேட்கிறாள். அவனோ வேடிக்கை பேசி மழுப்புகிறான். அவளுக்குத் தெரியாததை அவளால் வெளியிட முடியாது என்று கேலி செய்துவிட்டுக் குதிரை ஏறுகிறான். ஹாட்ஸ்பர் வாய்மை மிக்கவன், அஞ்சாதவன். ஆனால், பொறுமை என்பது அவனிடம் இல்லை. நாட்டை மூன்றாகப் பங்கிடும் காட்சியில், டிரெண்ட் ஆற்றின் வளைவால் தன் பங்கு குறைகிறதென்று அவன் கிளெண்டவரோடு சண்டை பிடிக்கிறான். விட்டுக்கொடுத்ததும், நிலம் பெரிதன்று, பேரம் என்றால் விடமாட்டேன் என்கிறான்!

போர் நெருங்கும் நாளில் ஹாட்ஸ்பரின் தந்தை நார்தம்பர்லாந்துப் பிரபு நோயென்று சொல்லி வராமல் நின்றுவிடுகிறான். அது பொய்நோய் என்பதை இரண்டாம் பகுதி தெரிவிக்கிறது. மகனுக்குத் தந்தை செலுத்தவேண்டிய கடன் செலுத்தப்படாமலே போயிற்று. இரண்டாம் பகுதியில், மற்றவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காக்கப் போருக்குக் கிளம்பும் மாமனாரை விதவையான மருமகள் தடுக்கிறாள். பெற்ற மகனுக்குக் காக்காத வாக்கை இப்போது மற்றவர்களுக்குக் காப்பது மகனுக்குச் செய்யும் அவமதிப்பு என்று அவள் கேட்கும் கேள்விக்கு அவனிடம் விடையில்லை. நாடகம் முழுவதிலும் இத்துணை நேர்மையாகக் கணக்குக் கேட்டவர் வேறெவரும் இலர்.

ஷ்ரூஸ்பரிப் போர்க்களம்

1403-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21-ஆம் நாள் ஷ்ரூஸ்பரியில் போர் நிகழ்ந்தது. போருக்குமுன் மன்னன் மன்னிப்பு வழங்க முன்வருவதாகவும், தன் உயிருக்கு அஞ்சிய வூஸ்டர் அதை ஹாட்ஸ்பரிடம் மறைத்துவிடுவதாகவும் நாடகம் அமைகிறது. ஒரு செய்தி மறைக்கப்பட்டதால் ஆயிரக்கணக்கானோர் மடிகின்றனர்.

படை திரட்டிய ஃபால்ஸ்டாஃபின் செயலையும் காணுங்கள். வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகளையும், கோயிலில் இருமுறை ஓலை வாசிக்கப்பட்ட மணமகன்களையும் முதலில் பொறுக்கி எடுத்தான். அவர்கள் பணம் கொடுத்து விலகிக்கொண்டனர். முந்நூறு பவுனுக்கு மேல் சேர்ந்தது. அவர்களுக்குப் பதிலாகக் கந்தல் உடுத்த ஏழைகளைச் சேர்த்தான். அந்த நூற்றைம்பது பேரில் மூவர்கூட மிஞ்சவில்லை என்று பிறகு அவனே சொல்கிறான். அதுவரை அவனுடைய வேடிக்கையில் மயங்கியிருந்த நாம் இங்கே திடுக்கிடுகிறோம். மன்னன் பட்ட கடனுக்கும், பிரபுக்களின் பிணக்குக்கும், ஃபால்ஸ்டாஃபின் பணப்பைக்கும் இந்தப் பெயரில்லாத ஏழைகள் உயிரைக் கொடுத்தனர். அவர்கள் யாருக்கும் எந்தக் கடனும் பட்டவர்கள் அல்லர்.

ஸ்காட்லாந்து வீரன் டக்ளஸ் மன்னனை வீழ்த்தும் தறுவாயில் இளவரசன் குறுக்கே பாய்கிறான். தருவதாகச் சொன்னதைத் தந்தே தீரும் வேல்ஸ் இளவரசன் நான் என்று முழங்கித் தந்தையைக் காக்கிறான். பின்னர் ஹாட்ஸ்பரைத் தனியே எதிர்த்து வெல்கிறான். வீழ்ந்த பகைவனை இகழாமல், அவனுடைய முகத்தைத் தன் அணிகளால் மூடி மரியாதை செய்கிறான்.

அடுத்து நிகழ்வதே நாடகத்தின் உயர்ந்த இடம். செத்தவன்போல் படுத்திருந்த ஃபால்ஸ்டாஃப் எழுந்து, ஹாட்ஸ்பரின் உடலைச் சுமந்து வந்து, கொன்றவன் தானே என்கிறான். இளவரசன் ஒரு சொல்லால் அவனைப் பொய்யனாக்கியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை, இந்தப் பொய்யால் உனக்கு நன்மை விளையுமானால் அதை நானே அழகுபடுத்திச் சொல்கிறேன் என்று விட்டுவிடுகிறான். சிறைப்பட்ட டக்ளஸை மீட்புப்பணம் இன்றி விடுதலை செய்யும் பெருமையையும் தம்பி ஜானுக்கே அளிக்கிறான். கதிரவனாய் வெளிப்பட்டு உலகை வியக்க வைக்கப் போவதாகச் சொன்னவன், அந்த நாள் வந்தபோது புகழைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறான். ரசீது கேட்காமல் கடனைத் தீர்த்தான். அவன் உண்மையாகவே திருந்தினான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வரலாறும் நாடகமும்

ஹாலின்ஷெட் என்பவரின் வரலாற்று நூலையே ஷேக்ஸ்பியர் பெரிதும் பின்பற்றினார். ஆயினும், தம் நோக்கத்திற்கேற்பச் சிலவற்றை மாற்றிக்கொண்டார். உண்மையில் ஹாட்ஸ்பர் 1364-இல் பிறந்தவன். மன்னனைவிட மூன்று வயது மூத்தவன். நாடகத்தில் அவன் இளவரசனுக்கு ஒத்த வயதினனாக வருகிறான். வயது ஒத்திருந்தால்தானே தந்தை ஒப்பிட முடியும்! ஷ்ரூஸ்பரியில் இளவரசனுக்கு வயது ஏறத்தாழ 16. அவன் முகத்தில் ஆழமாய்ப் பாய்ந்த அம்புமுனையை ஜான் பிராட்மோர் என்ற மருத்துவர் தனிக் கருவி அமைத்து எடுத்தார். ஹாட்ஸ்பரை வீழ்த்தியவர் இன்னார் என்று வரலாறு உறுதியாகச் சொல்லவில்லை. ஃபால்ஸ்டாஃபுக்கு முதலில் ஓல்டுகாசில் என்றே பெயர் இருந்தது. அக்குடும்பத்து வழித்தோன்றல்கள் செல்வாக்குடன் இருந்தமையால் அது மாற்றப்பட்டது.

இறுதிக் கணக்கு

இரண்டாம் பகுதியில் மன்னன் நோயுற்று, உறக்கமின்றித் தவிக்கிறான். குடிசையில் வாழும் ஏழைக்கும் வாய்க்கும் உறக்கம் தனக்கு வாய்க்கவில்லையே என்று வருந்துகிறான். முடியைக் கோணல் வழியில் பெற்றதை மரணப்படுக்கையில் மகனிடம் ஒப்புக்கொள்கிறான். எருசலேமில் இறப்பான் என்று முன்னர் அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவன் சாவதோ வெஸ்ட்மின்ஸ்டரில் 'எருசலேம்' என்று பெயர் வழங்கிய அறையில்! ஆண்டு 1413.

முடிசூடிய ஹால், தன்னை ஒருகாலத்தில் சிறைக்கு அனுப்பிய தலைமை நீதிபதியையே அப்பதவியில் தொடரச் செய்கிறான். வாழ்த்த ஓடிவந்த ஃபால்ஸ்டாஃபைப் பத்து மைல் எல்லைக்குள் வரக்கூடாதென்று விலக்கி, பிழைப்புக்கு மட்டும் பொருள் தர ஏற்பாடு செய்கிறான். திகைத்து நின்ற கிழவன் தன்னோடு வந்தவனிடம் முதலில் சொல்வது, நான் உனக்கு ஆயிரம் பவுன் கடன்பட்டிருக்கிறேன் என்பதே. நமக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணீரும் வருகிறது. அரசனின் கடமை நிறைவேறிற்று. ஆனால், அதற்கு ஒரு நட்பு விலையாயிற்று. கடமை எப்போதும் இனிப்பதில்லை என்பதையும் ஷேக்ஸ்பியர் மறைக்கவில்லை.

மாணவியரே! தீய வழியில் பெற்ற பெருமை உறக்கத்தைப் பறிக்கும் என்பதற்கு மன்னன் சான்று. வீரம் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும் என்பதற்கு ஹாட்ஸ்பர் சான்று. சிரிக்க வைப்பவரெல்லாம் நல்ல துணையாகார் என்பதற்கு ஃபால்ஸ்டாஃப் சான்று. இளவரசனிடம் நாம் கற்பது வேறு. திருந்துவதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. திருந்தியதைப் பறைசாற்றவும் வேண்டியதில்லை. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பிறந்த மண்ணுக்கும் நாம் பட்டுள்ள கடன்கள் பல. அவற்றை எவரும் பாராதபோதும் தீர்ப்பவரே பெரியோர். இந்நாடகத்தை நூலகத்தில் எடுத்து ஒருமுறையேனும் முழுவதும் படியுங்கள். மதுக்கடைக் காட்சியில் வாய்விட்டுச் சிரியுங்கள். போர்க்களக் காட்சியில் அந்த நூற்றைம்பது பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.